திண்ணைத் தொழிலும் தெருவின் அமைதியும்

ஓசூர் என்றவுடன் பெருந்தொழிற்சாலைகளே பலருடைய நினைவுக்கு வருகின்றன. 1970-களில் இங்குச் சிப்காட் தொழிற்பேட்டை உருவானதும், அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததும், தென் மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பல குடும்பங்கள் இந்த எல்லைப்புற ஊரை நாடி வந்து வேரூன்றியதும் நாம் அறிந்த வரலாறே. ஆனால், ஆலைகளின் மதிற்சுவருக்கு வெளியே இன்னொரு தொழிலுலகம் இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. சங்கு ஊதுவதும் இல்லை. அது நம் வீடுகளின் முன்னறையிலும் பின்கட்டிலும் ஓசையின்றி நடைபெறுகின்றது.

வீடு மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் நாம் இதனைக் காண்கிறோம். ஒரு வீட்டில் கூடத்தின் பாதியை இரண்டு தையல் இயந்திரங்கள் அடைத்துக்கொண்டிருக்கும். அடுத்த வீட்டில் கிரைண்டர் விடியுமுன்னரே சுழலத் தொடங்கிவிடும். வேலைக்குச் செல்லும் பெண்கள் இட்லி மாவை வாங்கிக்கொண்டு விரைவர். வேறொரு வீட்டின் பின்கட்டில், ஆலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற குடும்பத் தலைவர் ஒற்றை லேத் இயந்திரத்தை வைத்து உதிரி பாகங்கள் கடைந்து கொடுப்பார். கிருஷ்ணகிரிப் பக்கம் சென்றாலோ, புளியின் ஓட்டை நீக்கிக் கொட்டை எடுக்கும் பெண்கள் திண்ணையில் அமர்ந்திருப்பர். டியூஷன் நடத்துவோரும், பூக்கட்டி விற்போரும், சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுப்போரும் இவ்வரிசையில் சேர்ந்தவர்களே. பல குடும்பங்களில் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தைக் கட்டுவது தந்தையின் சம்பளம் அன்று. தாயின் இந்தத் திண்ணைத் தொழிலே.

இத்தகைய குடும்பங்களை ஒரு கேள்வி உள்ளூற உறுத்திக்கொண்டே இருக்கிறது. குடியிருக்கும் வீட்டில் தொழில் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறதா? அண்டை வீட்டார் ஒரு புகார் மனு எழுதிவிட்டால், மாநகராட்சி அலுவலர் வந்து கதவைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவாரா? மறுபுறம், அடுத்த வீட்டுப் பட்டறையின் இரைச்சலால் இரவெல்லாம் உறக்கம் இழக்கும் முதியவருக்கும் ஒரு கேள்வி உண்டு: "எம் தெருவுக்கு அமைதி வேண்டும் என்று கேட்பது குற்றமா?" இவ்விரண்டு கேள்விகளையும் ஒருசேர நோக்குவதே நீதி.

சட்டம் அஞ்சியது எதற்கு?

நம் நாட்டில் இவ்வகைக் கட்டுப்பாடு புதியதன்று. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம், தன் 249-ஆம் பிரிவின் வழியாக, மனித உயிருக்கோ உடல்நலத்திற்கோ உடைமைக்கோ கேடு விளைவிக்கக்கூடிய தொழில்களை ஓர் அட்டவணையில் தொகுத்து, நகராட்சியின் உரிமமின்றி அவற்றை எந்த இடத்திலும் நடத்தலாகாது என்று விதித்தது. 250-ஆம் பிரிவு, நீராவியாலோ மின்விசையாலோ இயங்கும் பட்டறையை அமைப்பதற்கு முன்அனுமதி கேட்டது. இவ்விரு பிரிவுகளையும் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அன்றைய சட்டம் அஞ்சியது தொழிலுக்கு அன்று. தொழிலிலிருந்து எழும் தீ, புகை, நாற்றம், இரைச்சல் ஆகியவற்றுக்கே.

பின்னர் வந்த 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வேறொரு நோக்கினைக் கொண்டு வந்தது. நிலத்தையே குடியிருப்புப் பகுதி, வணிகப் பகுதி, தொழிற்பகுதி எனப் பிரித்துத் திட்டமிடுவது அதன் முறை. பெரிய நகரங்களுக்கு இம்முறை இன்றியமையாததே. ஆயினும், பகலில் உழைத்து இரவில் உறங்குவதற்கு ஒரே கூரையை மட்டுமே உடைய ஏழைக் குடும்பத்திற்கு, "இது குடியிருப்பு, அது தொழில்" என்று கோடு கிழிப்பது எளிதன்று. இதனை உணர்ந்துதான், குடியிருப்புப் பகுதிகளிலும் அன்றாடத் தேவைக்கான சிறு கடைகள், தொழில் வல்லுநரின் ஆலோசனை அறை முதலியவற்றுக்கு விதிகள் இடம் அளித்து வந்துள்ளன. மாநிலம் முழுமைக்கும் பொதுவாக 2019 பிப்ரவரியில் வெளியான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும், எந்தப் பகுதியில் எத்தகைய பயன்பாடு தகும் என்பதை வரையறுக்கின்றன.

அதே 2019-ஆம் ஆண்டில் ஓசூர் மாநகராட்சியாக உயர்ந்தது. 1998-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், நெடுநாள் கழித்து, 2023 ஏப்ரலில் புதிய விதிகளுடன் நடைமுறைக்கு வந்தபோது, பழைய 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை அது பெற்றுக்கொண்டது. நகர எல்லைக்கு வெளியே உள்ள ஊராட்சிகளுக்கோ, 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தில் இதே கருத்துடைய 159, 160-ஆம் பிரிவுகள் உள்ளன. ஆக, ஓசூர் நகரத் தெருவிலும் சரி, அதனைச் சுற்றிய சிற்றூரிலும் சரி, வீட்டு வாசலில் வந்து நிற்கும் அதிகாரம் உள்ளாட்சிக்கே உரியது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மின்விசை இருந்தால் பத்துத் தொழிலாளர், இல்லையேல் இருபது தொழிலாளர் என்று எல்லை வகுத்துக்கொண்டதால், அதற்குக் கீழ்ப்பட்ட சிறு பட்டறைகளைத் தொழிற்சாலை ஆய்வாளர் பொதுவாக எட்டிப் பார்த்ததில்லை.

பழையபேட்டையும் அத்திப்பள்ளியும்

உள்ளாட்சி தன் கண்ணை மூடிக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு நாம் தொலைதூரம் சென்று சான்று தேட வேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் காலையில், கிருஷ்ணகிரி பழையபேட்டையில் குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த பட்டாசுக் கிடங்கு வெடித்துச் சிதறியது. ஒன்பது உயிர்கள் பறிபோயின. அருகிலிருந்த உணவகமும் வீடுகளும் இடிந்து விழுந்தன. முதலில் தீப்பற்றியது எதனால் என்பது பற்றி வாதங்கள் எழுந்தன. வாதம் எதுவாயினும் ஒன்று தெளிவு: மக்கள் சமைத்து உண்டு உறங்கும் தெருவில் வெடிமருந்து குவிந்து கிடந்ததே அந்த விபத்தைப் பெருந்துயராக மாற்றியது.

அத்துயரின் ஈரம் காயுமுன், அதே ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், நம் ஜுஜுவாடி எல்லையைக் கடந்தவுடன் உள்ள கர்நாடக மாநிலத்து அத்திப்பள்ளியில், தீபாவளிக்காகப் பட்டாசு இறக்கிக்கொண்டிருந்த கடையும் கிடங்கும் தீக்கிரையாயின. அன்றைய தினமே பதினான்கு பேர் மாண்டனர். தீக்காயமடைந்து மருத்துவமனையில் இருந்தோரிலும் சிலர் பின்னர் இறந்தனர். பண்டிகைக் காலத்தில் நாலு காசு சேர்க்கலாம் என்று தருமபுரி முதலிய தமிழக மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்களே அவர்களில் மிகப் பலர். கர்நாடக அரசு குற்றப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு ஆணையிட்டது.

இவ்விரண்டு இடங்களும் வீட்டுத் தொழில் நடந்த இடங்கள் அல்ல என்பது மெய்யே. ஆயினும், இவை நமக்குக் கற்பிக்கும் பாடம் வீட்டுத் தொழிலுக்கு முற்றிலும் பொருந்தும். 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள், நிலையான பட்டாசுக் கடை தரைத் தளத்தில் இருக்க வேண்டும், 25 சதுர மீட்டருக்கு மேற்படலாகாது, கட்டடத்தின் பிற பகுதிகளினின்று உறுதியான சுவரால் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்கின்றன. பண்டிகைக்காகப் போடும் தற்காலிகக் கொட்டகைகள் ஒன்றுக்கொன்று 3 மீட்டர் தள்ளியும், மக்கள் கூடும் பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளியும் அமைய வேண்டும். ஆகவே குறை சட்டத்தின் சொற்களில் இல்லை. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் விதவைத் தாயிடம் "உரிமம் எங்கே?" என்று கேட்கும் அதே கேள்வியை, அதே விழிப்புடன், வெடிமருந்துக் கிடங்கின் வாசலில் சென்று கேட்கிறோமா என்பதில்தான் இருக்கிறது.

எளியவரை எளிதில் பிடிக்கலாம். ஆற்றலுடையவரைப் பிடிப்பது அரிது. இந்த இயல்பு எந்த அலுவலகத்திற்குள் நுழைந்தாலும், அங்கே சட்டத்தின் எழுத்து இருக்கும். அதன் உயிர் இராது.

சுவரைத் தாண்டும் தொழில்

அப்படியானால் எது சரியான அளவுகோல்? நாம் சொல்ல விரும்புவது இதுவே: தொழில் வீட்டிற்குள் நடக்கிறதா என்று கேட்பதைவிட, அத்தொழிலின் விளைவு வீட்டுச் சுவரைத் தாண்டுகிறதா என்று கேட்பதே முறை.

புளி கொட்டையெடுப்பவர், துணி தைப்பவர், பூக்கட்டுபவர், பாடம் சொல்லித் தருபவர் ஆகியோரின் தொழில் அவர்களுடைய சுவருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இத்தகையோரிடம் உரிமம் கேட்டு அலைக்கழிப்பதால் ஊருக்கு யாதொரு நன்மையும் இல்லை. இரண்டாம் வகையில் மாவு அரைத்தல், சமைத்து விற்றல், ஒற்றை லேத் இயந்திரம் ஆகியவை அடங்கும். இவற்றின் ஓசையும் கழிவுநீரும் ஓரளவு வெளியே செல்லும். நேரமும் அளவும் வகுத்து அனுமதிக்கலாம். மூன்றாம் வகை, வெடிமருந்து, எளிதில் தீப்பற்றும் கரைப்பான்கள், அமிலத்தைக் கொண்டு செய்யும் முலாம்பூச்சு போன்றவை. ஒரு சிறு தவறு நேர்ந்தாலும் இவை தெருவையே விழுங்கிவிடும். இவற்றுக்குக் குடியிருப்பில் இடமே இருத்தலாகாது. வறுமையைக் காரணம் காட்டியும் இதில் விட்டுக்கொடுத்தல் கூடாது. ஏனெனில், விபத்து நேரும்போது முதலில் மடிபவர் அங்கே கூலிக்கு நிற்கும் ஏழையே.

இவ்வகைப் பாகுபாடு நம் நாட்டுச் சட்ட மரபுக்கு அயலானதும் அன்று. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், பட்டறைகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிய அதே வேளையில், தன் சொந்த வீட்டில் தன்னோடு வாழும் குடும்பத்தாரின் துணையுடன் தனக்கெனத் தொழில் செய்பவரை, 43-ஆம் பிரிவின் வழியாக அக்கட்டுப்பாட்டினின்று விலக்கி வைத்தது. வேறொருவரிடம் வேலை செய்பவருக்கு மட்டும் அவ்விலக்கு இல்லை. குடும்பத்தின் உழைப்பு வேறு, குடும்பத்தின் பெயரால் பிறர் நடத்தும் வாணிகம் வேறு என்பதை அச்சட்டம் நன்கு உணர்ந்திருந்தது.

பிற நகரங்கள் கற்ற பாடம்

அளவுகோல் இன்றி, எல்லாவற்றையும் ஒரே கோலால் அடித்தால் என்ன நேரும் என்பதைத் தலைநகர் தில்லி கண்டது. குடியிருப்புப் பகுதிகளில் இயங்கிய தொழிற்கூடங்களை அகற்ற வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து, 2000-ஆம் ஆண்டு நவம்பரில் அவற்றை மூடி முத்திரையிடும் பணி தொடங்கிற்று. பிழைப்பை இழந்த தொழிலாளர்கள் தெருவில் இறங்கினர். கலவரம் மூண்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பின்னர் 2007-இல் வெளியான தில்லியின் பெருந்திட்டம் ஓர் எல்லையை வகுத்தது. ஐந்து தொழிலாளருக்கும் ஐந்து கிலோவாட் மின்விசைக்கும் மேற்படாத, மாசு உண்டாக்காத வீட்டுத் தொழில்கள் குடியிருப்பிலேயே நடக்கலாம் என்பதே அது. முதலில் செய்திருக்க வேண்டிய இப்பாகுபாட்டைக் கண்ணீருக்குப் பின்னரே செய்தனர்.

ஜப்பான் நாட்டிலோ, மிக அமைதியான தாழ்நிலைக் குடியிருப்பு மண்டலங்களிலும், வீட்டின் பாதிப் பரப்புக்குக் குறைவாகவும் 50 சதுர மீட்டருக்கு மேற்படாமலும் இருக்கும்வரை, வீட்டோடு சேர்ந்த சிறு கடைக்கும் சிறு தொழிலுக்கும் இடம் உண்டு. எண் தெளிவாக இருப்பதால் அங்கே அலுவலரின் மனநிலையைப் பொறுத்து விதி மாறுவதில்லை.

நம் மாநிலத்தில், கிராம ஊராட்சிகளிலும் வணிகம் செய்வோர் உரிமம் பெற வேண்டும் என்ற விதிகள் 2025-ஆம் ஆண்டில் பேச்சுக்கு வந்தபோது, தேநீர்க் கடையும் தையற்கடையும்கூட இதில் அகப்படுமோ என்று மக்கள் அஞ்சி எதிர்த்தனர்; அரசும் அந்நடைமுறையை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அச்சம் நீங்கியது நன்றே. ஆனால், எந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற தெளிவான அட்டவணையை ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்தின் வாசலிலும் தமிழில் எழுதி வைக்கும் நாளே, இச்சிக்கல் உண்மையில் தீரும் நாள்.

அண்டை வீட்டாரின் உரிமை

தொழில் செய்வோரின் பக்கம் நின்று இவ்வளவு சொன்ன நாம், அவர்களுடைய கடமையையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபெல் என்று ஒலிக்கு எல்லை வகுத்துள்ளன. தொழிற்பகுதியில் இதுவே 75-உம் 70-உம் ஆகும். ஓசூரில் இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவோரும் உண்டு. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. கிரைண்டரின் அடியில் ஒரு தடித்த ரப்பர் விரிப்பை இடுவதும், லேத் பட்டறையின் சன்னலை அண்டை வீட்டுப் பக்கம் அன்றி வேறு பக்கம் வைப்பதும் பெருஞ்செலவு அல்ல. ஆனால் அவை ஒரு புகார் மனுவையே தடுத்துவிடும்.

சமையல் எரிவாயு பற்றியும் ஒரு சொல். வீட்டுக்கென வழங்கப்படும் 14.2 கிலோ சிலிண்டரை வணிகச் சமையலுக்குப் பயன்படுத்துவது 2000-ஆம் ஆண்டின் எரிவாயு ஆணைக்கு மாறானது. வணிகத்திற்கு 19 கிலோ சிலிண்டர் தனியே உண்டு. சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த எண்ணி, காற்றோட்டமில்லாத அறையில் நான்கைந்து சிலிண்டர்களை அடுக்கி வைக்கும் குடும்பம், தன் பிள்ளைகளின் தலைமாட்டிலேயே ஆபத்தை வைத்து உறங்குகிறது.

வீட்டையே விடுதியாக மாற்றி வெளியூர்ப் பெண் தொழிலாளர்களைத் தங்க வைப்போரும் நம்மிடையே பெருகி வருகின்றனர். இதற்கென 2014-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே இயற்றப்பட்டது; அதன்படி உரிமம் இன்றியமையாதது. பத்துப் பெண்களின் பாதுகாப்பை ஏற்பவர், அதனை வெறும் வாடகை வருமானமாகக் கருதலாகாது.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

சட்டத்தைக் கண்டு ஒளிவதைவிட, அதனை நேரில் சந்திப்பதே பாதுகாப்பு. மறைவாகத் தொழில் செய்பவரைத்தான் கையூட்டுக் கேட்பவரும் மிரட்டுபவரும் நாடி வருவர்.

முதலாவதாக, மைய அரசின் உத்யம் பதிவை 2020 ஜூலை முதல் கட்டணமின்றிப் பெற முடிகிறது. வங்கிக் கடனுக்கு அது பெரிதும் உதவும். ஆனால் அது உள்ளாட்சியின் உரிமத்திற்கு ஈடாகாது என்பதை மறத்தல் கூடாது. இரண்டாவதாக, உணவு செய்து விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2011-இல் வந்த விதிகள், ஆண்டு வணிகம் 12 லட்சம் ரூபாய்க்குட்பட்ட சிறு தொழிலருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் எளிய பதிவு முறையை வகுத்தன. மூன்றாவதாக, விசை இயந்திரம் வைத்திருப்போர், வீட்டு மின்னிணைப்பிலேயே அதனை ஓட்டாமல், குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் உரிய தனி மின்கட்டணப் பிரிவில் இணைப்புக் கேட்டுப் பெறுதல் நலம். பழைய வீட்டுக் கம்பிகள் கூடுதல் சுமையைத் தாங்காமல் சூடேறுவதும் தீ விபத்திற்கு ஒரு வாயில். நான்காவதாக, தொழிலைத் தொடங்குமுன் இருபுறத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது எந்தச் சட்டமும் கேட்காத, ஆனால் எல்லாச் சட்டங்களையும்விடப் பயனுள்ள உரிமமாகும்.

படிவங்களைக் கண்டு மலைத்து நிற்கும் தாய்மாருக்கு, நம் அன்பியங்களில் உள்ள படித்த இளைஞர்கள் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி உதவலாம். கணினி மையத்தில் நூற்றுக்கணக்கில் கொடுத்துச் செய்யும் பதிவை, ஒரு மாணவனே கைபேசியில் செய்து கொடுத்துவிட முடியும்.

மாநகராட்சி உறுப்பினர்களிடமும் ஊராட்சித் தலைவர்களிடமும் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. தொழில்களை அவற்றின் ஆபத்தை நோக்கி வகைப்படுத்தி, சுவருக்குள் அடங்கும் தொழில்களுக்கு ஒரு தாளில் முடியும் பதிவை மட்டும் போதுமானதாக்குங்கள் என்பது ஒன்று. ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன்னர் குடியிருப்புத் தெருக்களில் உள்ள கிடங்குகளைப் பட்டியலிட்டு ஆய்வு செய்து, அதனை வார்டு மக்கள் அறிய வெளியிடுங்கள் என்பது மற்றொன்று. சிறிய சமூகம் தானே செய்துகொள்ளக்கூடியதைப் பெரிய அதிகாரம் பறித்துக்கொள்ளலாகாது என்று திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931-இல் தம் சமூகச் சுற்றுமடலில் வலியுறுத்தினார். தெருவின் அமைதியைத் தெருவே பேசித் தீர்த்துக்கொள்ள இயலும்போது, அதனைத் தொலைவிலுள்ள அலுவலகத்தின் முத்திரைக்கு விட்டுவிடுதல் தேவையற்றது. தெருவினால் தடுக்க முடியாத பேராபத்துக்கு எதிராகவோ, அதிகாரத்தின் முழு வலிமையும் தேவை.

நாசரேத்தூரில் சூசையப்பரின் வீடும் பட்டறையும் வெகு தொலைவில் இருந்திருக்க வேண்டியதில்லை என்றே நாம் எண்ணுகிறோம். உழைப்பும் இல்லறமும் ஒரே கூரையின்கீழ் வாழ்வது இழிவன்று. அது நம் மூதாதையர் கண்ட வழியே. அக்கூரை தன் அடுத்த கூரைக்குத் தீங்கு செய்யாதிருக்கட்டும். அக்கூரையின்கீழ் நேர்மையாக உழைப்போரை அதிகாரமும் அச்சுறுத்தாதிருக்கட்டும். தையல் இயந்திரம் ஓடும் வீட்டிற்குப் பாதுகாப்பும், பழையபேட்டைகள் இனி நேராதபடி காவலும் நம் ஊர்களில் ஒருசேர அமைவதாக.